பின்வரிசைக்கு வைத்த வெளிச்சம்

போன சனிக்கிழமை ஒரு கலியாண ஹோலில் உன் நினைவு வந்தது. தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்த நேரம். படம் எடுக்கிறவர் ஓய்வில்லாமல் பிளாஷ் அடித்துக்கொண்டே என் நாற்காலியைத் தாண்டிப் போனார். அவரோடு ஒரு மணமும் போனது. சூடேறின பிளாஸ்ரிக்கும் பொசுங்கின தூசியும் கலந்த மணம். விடாமல் அடித்தால் பிளாஷின் தலை அப்படித்தான் மணக்கும். சாம்பிராணி, மல்லிகை, ஓமப்புகை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது வந்தது. உன் பக்கத்தில் நின்று பல வருசம் நான் சுவாசித்த மணம்.

யாருடைய கலியாணம் என்று நினைக்கிறாய்? சுபாவின் மகளுடையது. ஓம், அதே சுபா. கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வெள்ளவத்தையில் கொண்டுவந்து கலியாணம் செய்து வைக்கிறார்கள். இப்போது அப்படிச் செய்வது ஒரு பெருமை. "அம்மாவின்ர கலியாணப் படம் எடுத்த அன்ரி" என்று என்னைத் தேடிப்பிடித்து அழைப்பிதழ் தந்து, முன்வரிசையில் இருத்தினார்கள். அந்தப் படங்களை எடுத்தவள் நீ. நான் உனக்குப் பக்கத்தில் நின்றவள். அதை அங்கே ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நீ செத்துப்போனாய் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

யார் வீட்டுக் கலியாணம் என்று தெரிந்துகொண்டுதான் போனேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆனால் அதைச் சொல்ல எங்கள் கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். எனக்காக ஒருமுறை கேள்.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்ரூடியோவில் படங்களுக்குத் தூரிகை பிடித்து டச் செய்கிற வேலையில் இருந்தேன். ஒரு மத்தியானம் தோளில் கமராப் பையோடு நீ வந்தாய். இடம்பெயர்ந்து வந்த களை முகத்தில் இருந்தது. படம் எடுக்கிற வேலை கிடைக்குமா என்று கேட்டாய். முதலாளி சிரித்தார். "தங்கச்சி, பிளாஷ் பெட்டி பாரம். பொம்பிளையள் தூக்கேலாது."

"தண்ணிக்குடம் தூக்கேக்க ஒருத்தரும் எங்களுக்கு அப்பிடிச் சொல்லேல்லையே" என்றாய் நீ. சத்தம் போடவில்லை. விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டாய். வேலை கிடைக்கவில்லை. நீ வெளியே இறங்கியதும் நான் தூரிகையை வைத்துவிட்டு உன் பின்னால் பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்தேன்.

"பொண்ணு உடுத்துற ரூமுக்குள்ள போயி படம் எடுக்க ஆள் தேடுறாங்க. முஸ்லிம் கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் எடுக்க ஆளே இல்ல. நாம ரெண்டு பேரும் செய்வமா?" என்று கேட்டேன். என் தமிழைக் கேட்டு நீ முதலில் சிரித்தாய். பிறகு "ஓம்" என்றாய். யோசிக்கவே இல்லை. ஜிந்துப்பிட்டியில் துறைமுகத் தொழிலாளியின் மகள் நான். நீ யாழ்ப்பாணத்தில் நல்ல வீடு வாசல் விட்டு வந்தவள். அந்தப் பஸ் தரிப்பில் அதைப் பற்றி நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையற்கடைக்கு மேலே அறை எடுத்தோம். தெஹிவளையிலிருந்து வந்து மணப்பெண் சோடிக்கிற மாலினி அக்கா எங்களுக்கு முதல் வேலைகளைப் பிடித்துத் தந்தாள். அவள் சிங்களத்தி. நாங்கள் போகிற ஹோல்களில் பாதிக்கு மேல் அவள் வாயால்தான் எங்களுக்குக் கதவு திறந்தது.

பிளாஷை நேரே முகத்துக்கு அடிக்கிறவர்களை உனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிக்கிறாங்கள்" என்பாய். அப்படி அடித்தால் முகம் தட்டையாகிவிடும். நெற்றி எண்ணெய் பளபளக்கும். தாலிக்கொடி வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். மாப்பிள்ளைக்குப் பின்னால் சுவரில் ஒரு கறுத்த நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீ பிளாஷின் தலையை நிமிர்த்திக் கூரைக்கு அடிப்பாய். வெளிச்சம் கூரையில் பட்டு எல்லார் முகத்திலும் ஒரே சீராக இறங்கும். கூரைக்குப் பச்சை பூசின ஹோல்களில் அது சரிவராது. கலியாணப் பொம்பிளையின் முகம் நோயாளி முகம் மாதிரி விழும். அங்கே மணவறை சோடிக்கிறவர்கள் வெட்டி எறிந்த, பஞ்சு மாதிரிப் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பலகையை நான் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். நீ அதற்கு அடிப்பாய். தோள் விட்டுப்போகும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று என்னைக் கொல்லுவாய்.

குத்துவிளக்குக்கு முன்னால் மட்டும் பிளாஷைக் குறைத்து, ஷட்டரை மெதுவாக்கி, சுடரின் மஞ்சளையும் படத்துக்குள் கொண்டுவருவாய். வீடியோக்காரர்கள் பொறுமையில்லாமல் உன்னை இடிப்பார்கள். நீ அசையமாட்டாய்.

ஒருமுறை கறுத்த நிறத்தில் ஒரு பொம்பிளை. தாய் உன் கையைப் பிடித்து, "பிள்ளை, கொஞ்சம் வெள்ளையா வாற மாதிரி எடுங்கோ. படம் லண்டனுக்குப் போகுது" என்றா. நீ பிளாஷைப் பக்கவாட்டில் வைத்து, வெள்ளைக் குடைக்குள்ளால் வெளிச்சத்தை விட்டாய். மற்றப் பக்கத்தில் என்னை வெள்ளைத் துணி பிடிக்கச் சொன்னாய். அந்தப் பிள்ளையின் கன்னமும் கழுத்தும் எண்ணெய் தேய்த்த கருங்காலி மாதிரி மின்னின. படம் வந்த அன்று தாய் அதை மடியில் வைத்துக்கொண்டு, "என்ர பிள்ளை இவ்வளவு வடிவோ" என்று அழுதா. அவ போனதும் நீ சொன்னாய்: "வெளிச்சத்தைக் கூட்டியிருந்தால் வெள்ளையா வந்திருப்பாள். ஆனால் அது அவளா இருந்திருக்காது."

சந்தோசமாக இருந்தோம் என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை. ஒவ்வொரு கலியாணத்துக்கும் போகிற வழியில் உயிர் போய் வரும். வயர், பற்றரி, சிவப்பாக மினுங்குகிற சின்ன லைட், சார்ஜ் ஏறும்போது 'கீ' என்று ஒரு சத்தம். அந்த வருசங்களில் கொழும்புச் சோதனைச் சாவடிகளில் எங்கள் பையைவிடப் பயங்கரமான பை எதுவும் இருந்திருக்காது. ஒருநாள் ஒரு ஆமிக்காரன் பையைத் திறந்தவுடன் பின்னுக்குப் பாய்ந்து, "மேக்க மொகக்த?" என்று கத்தினான். இது என்ன என்று கேட்கிறான். மாலினி அக்கா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு "போட்டோ மல்லி, போட்டோ" என்று அவனைத் தம்பி முறை சொல்லிக் கெஞ்சினாள். நீ குனிந்து தரையைப் பார்த்து ஒருமுறை அடித்துக் காட்டினாய். அவனுக்குச் சிரிப்பு வந்தது. தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னான். எடுத்தாய்.

பிளாஷ் அடிக்காமல் விட்டால் தொழிலில் எல்லாரும் 'வெடிக்கவில்லை' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லையே நீ தடை செய்திருந்தாய். "பஸ்ஸுக்குள்ள வாய் தவறிச் சொன்னியெண்டால் எங்கட கதை முடிஞ்சுது, எடி" என்பாய். கதை முடிந்தது வேறு வழியில்.

சுபாவின் தகப்பன் இராசநாயகத்தார் எங்கள் அறைக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். இஸ்திரி போட்ட வேட்டி. உன்னோடு மட்டும்தான் கதைத்தார். போகும்போது என்னைக் கண்ணால் காட்டி, "மற்றப் பிள்ளை எங்கட ஆளோ?" என்று மெதுவாகக் கேட்டார். "என்ர ஆள்" என்றாய் நீ.

மாப்பிள்ளை கனடாவிலிருந்து வருகிறார், கலியாணம் முடித்துப் போய் ஸ்பொன்சர் செய்வார், எம்பசிக்கு அல்பம் காட்டவேண்டும். இராசநாயகத்தாருக்கு இருந்த ஒரே கவலை அதுதான். "பொய்க் கலியாணம் எண்டு நினைச்சால் விசா குடுக்கமாட்டாங்கள். சொந்தக்காரர் எல்லாரும் வந்து நிண்டு நடந்த கலியாணம் எண்டு தெரியவேணும். கடைசி வரிசையில இருக்கிற சனத்தின்ர முகமும் தெளிவா விழவேணும், பிள்ளை."

அதற்காகத்தான் நீ இரண்டாவது பிளாஷைக் கொண்டுபோனாய். அதற்கு வயர் இல்லை. சின்னக் கண் ஒன்று இருந்தது. முன்னால் உன் கையில் இருக்கிற பிளாஷ் அடித்தவுடன் அந்த வெளிச்சத்தைக் கண்டு அதுவும் அடிக்கும். ஹோலின் பின்தூணில், தலைக்கு மேலே அதைக் கட்டினாய். மற்றவர்கள் எடுத்த படங்களில் பின்வரிசை எப்போதும் இருட்டுக் குகையாக இருக்கும். உன் படத்தில் கடைசியாக நின்றவரின் மீசையையும் எண்ணலாம்.

அங்கே கடைசியாக நின்றவன் ரகு. இளநீலச் சேர்ட். ஒல்லியான பெடியன், இருபதைத் தாண்டியிருப்பான். நீ கமராவைத் தூக்கும் போதெல்லாம் முகத்தைத் திருப்பினான். சுபாவின் தாய் வந்து, "ரகு, அக்காவின்ர கலியாணத்தில நீ இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. தன் தமக்கையின் மகன், வவுனியாவால் வந்து தங்கள் வீட்டில் நிற்கிறான் என்று எங்களுக்கும் சொன்னா. வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதியவேண்டும்; அவன் பதியவில்லை என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது. தாலி கட்டுகிற நேரம் எல்லாரும் எட்டிப் பார்த்தபோது அவனும் பார்த்தான். அந்தப் படத்தில் அவன் முகம் பளிச்சென்று விழுந்தது.

நீ அதைக் கவனித்தாய். படம் கழுவி வந்ததும், "அந்தத் தம்பிக்கு விருப்பமில்லைப் போல. கரையிலதானே நிக்கிறான், வெட்டிவிடுவம்" என்றாய். இராசநாயகத்தார் கேட்கவில்லை. "ஒருத்தரையும் வெட்டாதேங்கோ. முழு ஹோலும் பெரிசா வேணும்" என்று நின்றார். அவர் கேட்டபடியே பெரிதாக்கிக் கொடுத்தோம். அல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான்.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. எந்தக் குண்டு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வருசங்களில் ஒன்றுக்குப் பின் ஒன்று. ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றிவளைத்து ரவுண்டப் நடந்தது. ஒரு விடியற்காலை இராசநாயகத்தாரின் வீட்டைச் சோதித்தார்கள். ரகு முதல்நாளே வேறெங்கோ போய்விட்டான். ஆனால் மேசையில் அல்பம் இருந்தது. ஒரு அதிகாரி ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக் கேட்டிருக்கிறார். இது மாமா, இது சித்தி, இது பக்கத்து வீடு. இளநீலச் சேர்ட்டில் விரல் நின்றது.

"அது படம் எடுக்க வந்த பிள்ளையள் கூட்டிக்கொண்டு வந்த ஆள். லைட் பிடிக்கிறவன். எங்களுக்குத் தெரியாது" என்று இராசநாயகத்தார் சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரமே எங்கள் படியில் சப்பாத்துச் சத்தம். என் அடையாள அட்டையில் கொழும்பு இருந்தது. உன்னுடையதில் யாழ்ப்பாணம். என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு உன்னைக் கொண்டுபோனார்கள். பிளாஷ்களையும் கொண்டுபோனார்கள். கண் வைத்த அந்தச் சின்னப் பெட்டியை ஒருவன் கை நீட்டித் தூரத்தில் பிடித்தபடி, பாம்பைப் பிடித்தவன் மாதிரி இறங்கினான்.

மாலினி அக்காவும் நானும் ஒவ்வொரு பொலிஸ் வாசலாக ஏறி இறங்கினோம். அவள்தான் சண்டை பிடித்தாள். அவள் தொல்லை பொறுக்காமல் ஓர் அதிகாரி இராசநாயகத்தாரின் வாக்குமூலத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். படியில் இறங்கும்போது அவள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த மனுசன் வீட்ல நான் பால்சோறு சாப்பிட்டனே" என்றாள்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கம்பிக் கேற்றைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே கதைத்தார்.

"ரகு உங்க வீட்டுப் பையன்தானே ஐயா? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஆர் ரகு?"

"ஐயா, அவ உள்ள கெடக்கிறா."

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "பிள்ளை, எனக்குக் கலியாணம் முடிச்ச மகள் ஒருத்தி இருக்கிறாள். விசா வாற நேரம். உங்களுக்கு என்ன? விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள். இனி இஞ்ச வராதேங்கோ."

உங்களுக்கு என்ன. அந்த இரண்டு சொற்களையும் நான் இன்றைக்கும் சில நாட்களில் காலையில் எழும்போது கேட்கிறேன்.

உன்னைப் பார்க்க விட்ட முதல் நாள், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கே போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். நீ வலைக்குள்ளால் விரலை நீட்டி என் விரலைத் தொட்டாய்.

"சொல்லாத. அந்தப் பெடியனைப் பிடிச்சால் அவன் திரும்ப மாட்டான். நான் வருவன்."

"அந்தாளு உன்னைய வித்துட்டான்டி!"

"அவருக்காக இல்லை. நான்தானே அவன்ர முகத்தில வெளிச்சம் வைச்சனான். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உன்னிடம் எத்தனை முறை கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், ஹோலில் நின்றவர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் நீ சொன்னாய். எப்படிக் கேட்டார்கள் என்பதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. பிறகு எங்கள் அறையில் ஒரே பாயில் படுத்த காலத்தில் உன் முதுகை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் உன்னை விட்டார்கள், பிளாஷ்களும் திரும்பி வந்தன. மாலினி அக்கா தன் பெயரில் உனக்காகப் பிணைக் கையெழுத்து வைத்தாள். அவள் தெருவில் அதற்காக அவளுக்குக் கல்லும் விழுந்தது. அதற்குள் ரகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். சுபாவுக்கு விசா வந்துவிட்டது. நீ சிரித்தாய். "அல்பம் வேலை செய்திருக்கு" என்றாய்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். எங்கள் சனம் அப்போதுதான் தொடங்கியது.

உள்ளே போன பொம்பிளை உயிரோடு வந்திருக்கிறாள் என்றால் என்ன கொடுத்துவிட்டு வந்தாள்? அது ஒரு கதை. சிங்களத்தி வந்து கையெழுத்து வைக்கிறாள் என்றால் முதலே அவங்கட ஆள்தான். அது இன்னொரு கதை. பக்கத்து லொட்ஜில் சில பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, ஒழுங்கை முழுக்க உன் பெயர். கலியாண அல்பங்களைக் காட்டி ஆள் காட்டுகிறாள் என்றார்கள். இராசநாயகத்தார் உன்னைக் கண்டால் காலி வீதியைக் கடந்து மறுபக்கம் போவார். அவர் கடப்பதைக் கண்டு மற்றவர்களும் கடந்தார்கள். அவர் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

ஒரு கலியாணத்துக்கு நீயும் நானும் போனோம். அதுதான் கடைசி. பந்தியில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். நீ கமராவைத் தூக்கினாய். ஒரு தாய் எழும்பிவந்து தன் சீலைத் தலைப்பை விரித்துத் தன் பிள்ளைகளின் முகங்களை மூடினாள். பக்கத்திலிருந்தவளும் மூடினாள். நீ கமராவை இறக்கி, மூடியைப் போட்டு, என் கையில் தந்தாய். "மிச்சத்தை நீ எடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். பூசை நேரத்துச் சாமி மாதிரி அமைதியாக இருந்தது உன் முகம். எனக்கு அந்த ஹோலைக் கொளுத்தவேண்டும் போல இருந்தது.

அதன் பிறகு வந்தவர்கள் என்னிடம், "நீங்கள் மட்டும் வாங்கோ, மற்றவவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்" என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். நீ என்னோடு சண்டை பிடித்தாய். "ரெண்டு பேரும் பட்டினி கிடந்து ஆருக்கு என்னத்தைக் காட்டப்போறம்? போ." நான் போனேன். உன் பிளாஷ்களோடு, நீ அடிக்கிற மாதிரியே கூரைக்கு அடித்து, எடுத்தேன். "நல்லா எடுக்கிறீங்கள்" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

வெள்ளவத்தையை விட்டு உன்னை ஜிந்துப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் சந்தில் எல்லாருக்கும் விசயம் தெரியும். அம்மா உன்னைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அங்கே நீ மறுபடியும் படம் எடுத்தாய். கொச்சிக்கடையில் மூட்டை தூக்குகிறவர்கள், முகத்துவாரத்து மீன்காரப் பெண்கள், முருகன் கோயில் தேருக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளைகள். எங்கள் வீட்டு முன்சுவருக்கு வெள்ளை அடித்து, அதற்குப் பிளாஷ் அடித்து, அந்த வெளிச்சத்தில் அவர்களை இருத்தினாய். அவர்கள் கமராவை நேரே பார்த்தார்கள். இப்போதும் அந்தப் பக்கத்து வீடுகளில் அந்தப் படங்கள் தொங்குகின்றன.

உள்ளே வாங்கிய அடியில் உன் சிறுநீரகம் கெட்டிருந்தது. யுத்தம் முடிகிறதைப் பார்க்க நீ இருக்கவில்லை. உன் சாவீட்டுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. மாலினி அக்கா வெள்ளைப் பூக்களோடு வந்து உனக்குப் பொட்டு வைத்து, தலை வாரி, ஒரு மணப்பெண்ணைப் போலச் சோடித்தாள்.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

இராசநாயகத்தார் இருக்கிறார். சக்கர நாற்காலியில், பட்டு வேட்டியோடு. என் கையைப் பிடித்தார். "படமெடுத்த பிள்ளை! அந்த மற்றப் பிள்ளை, அவ சுகமோ?" என்று கேட்டார். அவர் கண்ணில் ஒரு கலக்கமும் இல்லை. நான் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே பக்கத்தில் நின்ற மொத்தமான மனிதர் ஒருவர் குனிந்தார். கோட், மோதிரம், லண்டன் வாசனை.

"சித்தப்பா, ஆர்? அந்தப் பொலிசுக்கு ஆள் காட்டினவவோ? லண்டனிலயும் அந்தக் கதை கதைச்சவை."

"நீங்க யாருங்க?" என்று கேட்டேன்.

"நான் ரகு. சுபாக்காவின்ர தம்பி முறை. உங்களுக்கு என்னைத் தெரியாது."

உன்னிடம் செய்த சத்தியத்தை அந்த இடத்தில், அந்த நிமிசத்தில் நான் உடைத்தேன். மேளம் இல்லாத நேரம். பக்கத்து வரிசைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"தெரியும். நீலச் சேர்ட் போட்டுக்கிட்டு தூண்கிட்ட நின்னீங்க. அந்தப் படத்தைக் காட்டி நீங்க யாருன்னு அவகிட்ட மாசக்கணக்கா கேட்டாங்க. அவ சொல்லல. அதனாலதான் நீங்க லண்டன் போனீங்க. அதனாலதான் அவ செத்தா. அவ கூட்டிட்டு வந்த ஆளுன்னு உங்களைச் சொன்னது யாருன்னு உங்க சித்தப்பாவைக் கேளுங்க."

ரகு சித்தப்பாவைப் பார்த்தார். இராசநாயகத்தார் தன் மடியைப் பார்த்தார். "அது பழைய கதை. இண்டைக்கு நல்ல நாள்" என்றார்.

சுபா வந்து என் தோளில் கை வைத்தாள். அவளுக்குக் கேட்டிருந்தது. ஆச்சரியம் ஒன்றும் அவள் முகத்தில் இல்லை. அப்போதே அவளுக்குத் தெரியும் என்று எனக்கு விளங்கியது. "அன்ரி, பந்தி வைச்சாச்சு. சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள். அவ்வளவுதான். உனக்காக அந்தக் குடும்பத்திடமிருந்து வந்தது ஒரு பந்திச் சாப்பாட்டு அழைப்பு.

நான் எழும்பி வெளியே வந்தேன். ரகு பின்னால் ஓடிவந்தார். காலி வீதி வெயிலில் அந்தக் கோட்டோடு நின்று மூச்சு வாங்கினார். "அவவின்ர பேர் என்ன?" என்று கேட்டார். உன் பெயரே அவருக்குத் தெரியாது. இத்தனை வருசமும் நீ அவருக்கு 'ஆள் காட்டினவ' மட்டும்தான். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிழையாகச் சொன்னார். திருத்தினேன். சரியாகச் சொல்லும் வரைக்கும் அந்த வெயிலில் அவரை நான் விடவில்லை.

சத்தியத்தை உடைத்ததற்கு நீ கோபிக்கமாட்டாய் என்று தெரியும். நீ கோபிக்கிறவளே இல்லை, அதுதான் எனக்கு உன்னில் பிடிக்காத ஒன்று. ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில் நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தினேனே, "உனக்குக் கோபமே வராதாடி? அந்தாளு மேல, அந்தச் சனத்து மேல, ஒருத்தர் மேலயும் வராதா?" என்று. நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய்:

"எனக்கு இனி நேரமில்லை. நீ வைச்சிரு."

வைத்திருக்கிறேன்.